பள்ளத்தூர்க் கொல்லையில் திராட்சைப் பந்தல்

செட்டிநாட்டு மண்ணில் திராட்சை வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், நன்றாகவே வரும். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போடுகிற பன்னீர் திராட்சை நம் வெயிலுக்கு அஞ்சாது. வேரடியில் தேங்கும் தண்ணீர்தான் அதற்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குலை தொங்குவதும் ஆகாது. நம்முடைய சரளை கலந்த செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். கவாத்து, அதாவது கிளை வெட்டுவதை, சரியான மாதத்தில் செய்தால் மழைக்காலத்தில் குலை இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியிருந்தும் எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டில் திராட்சை வைத்தவர்கள் பலர் ஏன் விட்டுவிட்டார்கள்? போய்ப் பார்த்தால் தெரியும். கன்றை முதலில் நட்டிருப்பார்கள். அது தலைக்கு மேலே வந்த பிறகு நாலு மூங்கிலை ஊன்றி நைலான் கயிறு கட்டியிருப்பார்கள். மூங்கிலின் அடியைக் கரையான் தின்றுவிடும், கொடி தரையில் கிடக்கும். பாரம் ஏறிய பந்தலை, கொடிக்குச் சேதம் வராமல் நிமிர்த்துவது பெரிய பாடு. ஒழுங்காகப் பராமரித்தால் பத்து, பதினைந்து வருஷம் காய்க்கிற கொடி அது. ஆகவே பந்தலை முடித்துவிட்டுத்தான் கன்று வாங்கப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் குழி தோண்டச் சரியான காலம் தை, மாசி. மழை முடிந்து தரை ஈரம் காயாமல் இருக்கும். சித்திரையில் அதே இடத்தில் கடப்பாரையைப் போட்டால் துள்ளும். பங்குனிக்குள் பந்தலை முடித்துவிட்டால், ஜூன், ஜூலையில் கன்று நடத் தோதாக இருக்கும்.

இடம் பார்ப்பதில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பழைய வீட்டுச் சுவரில் கொக்கி அடித்துக் கம்பியைக் கட்டாதீர்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு நூறு வருஷம் பளபளப்பாக நின்றது. ஒரு கொக்கி போதும், பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும், உள்ளே செங்கல்லும் ஆடிப்போகும். இன்று அதைப் பழையபடி பூசுகிற கை அருகிவருகிறது. வீட்டை ஒட்டிப் பந்தல் வேண்டுமென்றாலும் சுவரிலிருந்து நாலடி தள்ளித் தனிக்கால்களிலேயே நிறுத்துங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்துக்கு மேலேயும் வேண்டாம். உதிர்ந்த பழம் மிதிபட்டால் அந்தச் சிமென்ட் கல்லில் கறை ஏறிவிடும். பின்கட்டுக்கு அப்பால், நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிற கொல்லைதான் நல்ல இடம்.

அளவுக்கு வருவோம். நீளம் 16 அடி, அகலம் 12 அடி. நான் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள், இந்த அளவை ஆசைப்பட்டே தேர்ந்தெடுத்தேன். மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தால் 20 அடி துல்லியமாக வரும், ஒரு டேப் போதும். நாலு முளையை அடித்து நூலைக் கட்டி, இரண்டு குறுக்களவும் 20 அடி வரும்வரை முளையை நகர்த்துங்கள். அப்புறம் 16 அடிப் பக்கம் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு முளை. மொத்தம் ஆறு கால். பன்னீர் திராட்சைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி சொல்வார்கள். அதாவது ஒரு கொடிக்கு ஏறக்குறைய 65 சதுர அடி. நம் பந்தல் 192 சதுர அடி, மூன்று கொடிக்குச் சரியாக இருக்கும். ஆசைக்கு நாலாவது வைத்தால் ஒன்றின் நிழலில் ஒன்று காய்க்காமல் போகும்.

உயரத்தைக் கவாத்து செய்யப் போகிறவரின் கையை வைத்து முடிவு செய்யுங்கள். அவர் தரையில் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினால் விரல்கள் கம்பியைப் பிடிக்க வேண்டும். என் கைக்கு அது ஆறேகால் அடி. பந்தலை ஏழு, எட்டு அடியில் போட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் ஏணி வைத்துச் செய்கிற கவாத்து நாளை, நாளை என்று தள்ளிப்போகும். கவாத்து தவறிய திராட்சை வெறும் இலைக்காடு. காய்க்கிற மாதங்களில் குலை தலையில் இடிக்கிறது என்று என் அண்ணன் குறைப்பட்டுக்கொள்வார். வருஷத்தில் இரண்டு மாதம் குனிந்து போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

காலுக்குக் கல்தான் என் தேர்வு. வேலிக்கு ஊன்றுகிற உடைகல்லே போதும், ஐந்து அங்குலச் சதுரம், ஒன்பதடி நீளம். புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வருகிறது. இடித்த வீடுகளின் கல் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் விசாரிக்கலாம். வேலைப்பாடு உள்ள தூண்களைப் பந்தலுக்காக வாங்கி மண்ணில் பாதியைப் புதைக்க எனக்கு மனம் வராது, அவை நிற்க வேண்டிய இடம் வேறு. வழவழப்பில்லாத வெறும் கல்லே கொடிக்கு நல்லது. பர்மா தேக்கு உத்திரம் மலிவாகக் கிடைத்தாலும் மண்ணில் நடாதீர்கள். வீட்டுக்குள் எத்தனை வருஷம் தாங்கிய மரமானாலும் ஈர மண்ணில் அப்படித் தாங்காது. ஒன்பதடிக் கல் ஒன்று ஏறக்குறைய 120 கிலோ இருக்கும். தூக்கி நிறுத்த நாலு பேரை வைத்துக்கொள்ளுங்கள், கயிறு கட்டாமல் நிமிர்த்த வேண்டாம்.

குழி ஒன்றரை அடிச் சதுரம், மூன்றடி ஆழம். அடியில் மூன்று அங்குலத்துக்குச் சிறுகல் போட்டு இடித்து, அதன்மேல் கல்லை இறக்குங்கள். இரண்டே முக்கால் அடி மண்ணுக்குள், ஆறேகால் அடி வெளியே. நிறுத்தும்போது மூலைக் கல்லின் தலை மட்டும் மூன்று அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். கம்பியை முறுக்கும்போது வருகிற உள்பக்க இழுப்பைத் தாங்க அது உதவும். நடுக்கல் இரண்டையும் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். தலைமட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ட்யூப்பைப் போல நம்பகமானது வேறு இல்லை. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று சிமென்ட், மணல், ஜல்லி கலந்து நிரப்பி, மேல்பரப்பைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே கொண்டுவந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். ஈரச்சாக்கு சுற்றி ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரம் ஆகாமல் கம்பியைத் தொடக் கூடாது.

பந்தலின் உயிர் இழுகம்பியில், அதாவது கல்லின் தலையை வெளிப்பக்கத் தரையோடு இழுத்துக் கட்டுகிற கம்பியில் இருக்கிறது. எங்கள் மேஸ்திரி, "டீச்சரம்மா, கல்லுதான் கல்லு மாதிரி நிக்குதே, வெளியே எதுக்கு இன்னொரு கம்பி?" என்று கேட்டார். ஒரு நூலின் நடுவில் செங்கல்லைக் கட்டி, இரண்டு முனையையும் அவர் கையில் கொடுத்து, நேராகப் பிடியுங்கள் என்றேன். நூல் தொய்வாக இருந்தவரை ஒன்றுமில்லை. நேராக்க நேராக்க அவர் தோள் இறுகியது, கை நடுங்கியது. முழுக்க நேராகவும் இல்லை, அதற்குள் நூல் அறுந்துவிட்டது. அதன்பிறகு அவர் கேட்கவில்லை, தானே போய்க் குழி வெட்டினார். கணக்கு இதுதான்: 12 அடிக் கம்பியின் நடுவில் 20 கிலோ தொங்கி, கம்பி ஆறு அங்குலம் தாழ்ந்தால், ஒவ்வொரு முனையிலும் 120 கிலோ இழுப்பு. அதே பாரத்துக்கு மூன்று அங்குலமே தாழ்கிற அளவு முறுக்கியிருந்தால் 240 கிலோ. அத்தனையும் கல்லின் தலையை உள்பக்கம் இழுக்கிறது. மழையில் நனைந்த இலையும், மார்கழிக்கு முந்தைய புயல் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே மூலைக்கல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இழுகம்பி, 16 அடிப் பக்கத்தின் நீட்சியில் ஒன்று, 12 அடிப் பக்கத்தின் நீட்சியில் ஒன்று. நடுக்கல்லுக்கு வெளிப்பக்கம் ஒன்று. மொத்தம் பத்து. கல்லின் அடியிலிருந்து ஆறடி தள்ளி, இரண்டரை அடி ஆழத்தில் ஒரு பெரிய உடைகல்லை இடுப்பில் கம்பி சுற்றிப் படுக்கவைத்துப் புதையுங்கள். மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். இழுகம்பி தரையில் இறங்குகிற இடங்களில் ஒரு செம்பருத்தியோ மருதாணியோ வைத்துவிட்டால் குழந்தைகள் தடுக்கி விழ மாட்டார்கள்.

இழுகம்பிக்கு இடமில்லாத சின்னக் கொல்லையா? அப்படியானால் கல்லை விட்டுவிடுங்கள். இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஆறு கால், அவற்றின் தலையில் அதே குழாயால் நாலு பக்கமும் சட்டம், நடுவில் ஒரு குறுக்குக் குழாய், எல்லாம் வெல்டிங். கம்பியின் இழுப்பைச் சட்டமே தாங்கிக்கொள்ளும். வெல்டிங் வைத்த இடங்களில் துருத்தடுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு அவசியம்.

கம்பிக் கணக்கு: சுற்றுக்கும் நடுக்கல் இரண்டையும் இணைக்கிற குறுக்குக்கும் இழுகம்பிக்கும் சேர்த்து 8 கேஜ் ஜி.ஐ. கம்பி 8 கிலோ, உள்வலைக்கு 12 கேஜ் 4 கிலோ. கொஞ்சம் மிஞ்சும். கல்லின் தலையிலிருந்து ஓர் அங்குலம் கீழே, நாலு பக்கமும் விரல் தடிமனுக்குக் காடி வெட்டச் சொல்லுங்கள். கம்பி அதில் உட்கார்ந்தால் வழுக்காது. இழுகம்பியை முதலில் கட்டுங்கள், பிறகு சுற்றுக் கம்பியும் நடுக் குறுக்கும். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முறுக்க டைட்டனர் (கம்பியைத் திருகி இறுக்கும் கருவி) கிடைத்தால் நல்லது, பின்னால் மறுபடி இறுக்கவும் உதவும். அதன்பின் 12 கேஜ் கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இரு திசையிலும் ஓட்டுங்கள். கயிற்றுக் கட்டில் பின்னுவது போல ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழும் நுழைத்துக் கொண்டுபோனால் வலை ஒரே தளமாக நிற்கும். சந்திப்புகளைக் கட்டுக்கம்பியால் இறுக்கி, முனைகளை மேல்பக்கம் மடித்துவிடுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழிக்கும்.

கன்றுக்கு ஒரு வருஷ வயதுள்ள, வேர் பிடித்த குச்சி போதும், கம்பம் பக்கத்திலிருந்து வரவழைக்கலாம். பந்தலுக்கு உள்ளே, ஒரு 16 அடிப் பக்கத்தை ஒட்டி, ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று குழி. இரண்டடி அகலமும் ஆழமும் எடுத்து, மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, தரையைவிட அரையடி மேடாக்குங்கள். ஐப்பசி மழையில் அந்த அரையடி கொடியைக் காப்பாற்றும். நட்டதும் பக்கத்தில் ஒரு குச்சி, குச்சியிலிருந்து பந்தல் கம்பிக்கு ஒரு சணல். ஒரே தண்டை மட்டும் மேலே விட்டு, பக்கத் தளிரையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். பந்தல் உயரத்தைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் கீழேயிருந்து தளிர் வெடிக்கும். அதில் இரண்டை எதிரெதிராகக் கம்பியில் ஓடவிடுங்கள். கட்டுவதற்கு வாழைநார், கம்பிக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குச் சுற்றுக் கொடுத்து, விரல் நுழைகிற இளக்கத்தில். நைலான் கயிறு தண்டு பருக்கும்போது உள்ளே வெட்டிவிடும்.

மழை ஓய்ந்து, மார்கழிக் கடைசியிலோ தையிலோ கவாத்து. பன்னீர் திராட்சைக்குக் கிளைக்கு நாலு, ஐந்து கணு விட்டு வெட்டுவார்கள். மாசியில் தளிர், சித்திரையில் பழம். கத்திரி வெயில் நம் ஊரை வறுக்கிற நேரத்தில் பந்தலில் இலை முழுக்க அடைந்து, கீழே கட்டில் போட்டுப் படுக்கலாம். எந்த ஓட்டுத் தாழ்வாரத்திலும் கிடைக்காத குளிர்ச்சி அது. பழம் முடிந்து ஜூனில் மறுபடி ஒரு கவாத்து, இம்முறை ஒன்றிரண்டு கணுவோடு. அது வருகிற தைக்கான கிளையைத் தயார் செய்ய. மழைக்காலத்தில் இலையடியில் வெண்பூசணம் தெரிந்தால் ஒரு சத போர்டோ கலவை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை ஐந்து லிட்டர் தண்ணீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு ஐந்து லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கி அன்றே அடிக்க வேண்டும்.

தைக் கவாத்து முடிந்து பந்தல் வெறுமையாக இருக்கிற அந்தச் சில நாள்தான் பழுது பார்க்கவும் வசதி. இழுகம்பி ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். இளகியிருந்தால் டைட்டனரை எதிர்மூலையோடு சேர்த்து மாற்றி மாற்றித் திருகுங்கள். கம்பி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் துரு முதலில் பிடிக்கும், அங்கே அரையடி தோண்டிப் பார்த்துத் தார் பூசி மூடுங்கள். போன வருஷ நார்க்கட்டுகளை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.