பினாங்கு ஈரத்துக்கு ஒரு வைக்கிங் கூடாரம்

பழங்காலத்தவர் மாதிரி தங்கிப் பார்க்கும் வரலாற்று முகாமுக்கு வைக்கிங் கூடாரம் செய்யப்போகிறீர்கள் என்றால், நடுக்கம்பத்தையும் முளைகளையும் முதலில் மறந்துவிடுங்கள். வைக்கிங்குகள், அதாவது பழைய வடஐரோப்பியக் கடலோடிகள், இறந்தவர்களோடு கப்பலையும் புதைத்தார்கள்; நார்வேயில் அப்படிப் புதைத்த கோக்ஸ்டாட் கப்பலை 1880-லும் ஓசெபர்க் கப்பலை 1904-லும் தோண்டியெடுத்தபோது கூடாரச் சட்டங்களும் கிடைத்தன. ஓசெபர்க் புதைகுழிக்கு மரம் வெட்டிய ஆண்டு 834 என்று மரவளையங்களை வைத்தே சொல்லிவிட்டார்கள். பலகைகள் உச்சியில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கிட்டு நிற்கும். கோக்ஸ்டாட் பலகை நுனிகளில் மிருகத் தலை வேறு செதுக்கியிருக்கிறார்கள். உங்களுக்குச் செதுக்க வராதென்றால் நுனியைச் சும்மா வளைவாகச் சீவி விடுங்கள்.

ராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்த கடாரம் எதிர்க்கரையில் இருக்கும்போது எதற்கு வைக்கிங் என்று மச்சான் கேட்டான். நியாயம்தான், ஆனால் சோழர் பாசறைக் கூடாரத்தின் சட்டம் ஒன்றுகூட அளந்து பார்க்கக் கிடைக்கவில்லையே!

மொத்தம் ஏழே துண்டு: நான்கு பலகை, முகட்டுக் கழி ஒன்று, அடிக்கழி இரண்டு. பலகை 3 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், 2.5 தடிமன். லேசான மெராந்தி மரம் போதும்; கனமான செங்கால் மரம் வாங்கினால் தூக்க ஆள் வேண்டும். கீழ்நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு துளை, மேல்நுனியிலிருந்து 45-ல் இன்னொன்று. இடையில் 2.4 மீட்டர் வரும், அடி அகலமும் அதே அளவு என்றால் உள்ளே 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம் கிடைக்கும். கழியின் இரு நுனியையும் மெலிதாக்கித் துளையில் நுழைத்து, வெளிப்பக்கம் மர ஆப்பு அடித்தால் வேலை முடிந்தது. 3 மீட்டர் பலகை மைவி மாதிரி சின்னக் காருக்குள் நுழையாது, மேலே கட்டித்தான் எடுத்துப்போக வேண்டும்.

நான் சொதப்பிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். உச்சியில் இரண்டு பலகையும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தானே உட்காரும்? முன்னும் பின்னும் இடப்பலகையை வெளியே வைத்தால், இடது அடிக்கழி வலதைவிட 5 சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே அளவில் வெட்டி, ஆப்பை அடித்து அடித்துக் கடைசியில் ஒரு பலகையைப் பிளந்துவிட்டேன்.

அடுத்து துணி. பாரமும் அழகும் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 350 கிராம் எடையுள்ள பருத்தி கேன்வஸ். 1.5 மீட்டர் அகலத் துணியில் இரண்டு துண்டு, தையல் முகட்டிலிருந்து கீழ்நோக்கி ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் மழைநீர் அதில் தங்கும். வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், பருத்தி நிச்சயம் சுருங்கும். துணியை ஓர் அடிக்கழியில் கட்டி, முகட்டின்மேல் போட்டு, மறு அடிக்கழியில் கயிறு கோத்து இழுக்கும் அளவுக்கு 5 சென்டிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். சட்டத்தின் கால்கள் விரியாமல் பிடித்துக்கொள்வது இந்தத் துணிதான். அதனால்தான் முளையே இல்லாமல் மணலிலும் சிமெண்டிலும் நிற்கிறது. இருந்தாலும் விடிகாலையில் சுமாத்ரா காற்று திடீரென்று வந்து அடிக்கும் ஊர் இது, முகட்டின் இரு நுனியிலும் ஒரு கயிறு கட்டி வைப்பது நல்லது.

முதல் மழையில் கொஞ்சம் கசியும், பயப்படாதீர்கள். நூல் ஊதி ஓட்டை அடைபட்டதும் நின்றுவிடும். ஆனால் உள்பக்கம் விரல் பட்டால் அந்த இடத்தில் சொட்டத் தொடங்கும், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பாக்காரர்கள் குளிரைப் பற்றி எழுதுவார்கள், நமக்குப் பிரச்சினை பூசணம். பினாங்கின் பாலிக் புலாவில் நடந்த முகாமில் நனைந்த துணியை அப்படியே மடித்து மூட்டை கட்டி, வீட்டுக்கு வந்து 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று நான்கு நாள் போட்டு வைத்தேன். திறந்தால் கருப்புப் புள்ளி, ஊறிப்போன கோணிப்பை வாசம். அந்தப் புள்ளி இன்றுவரை போகவில்லை. எவ்வளவு அசதியாக இருந்தாலும் வீடு வந்ததும் மாடிக் கம்பியில் விரித்துவிடுங்கள், தையல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஜில்லென்று இல்லாவிட்டால்தான் மடிக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த கேன்வஸ் இதைக் கொஞ்சம் தாங்கும், பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பலகைக் காலடியில் கரையான் ஏறாமல் தட்டைக்கல் வையுங்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். துடைத்த துணியை மட்டும் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்; வெளியே விரித்துக் காயவிடுங்கள்.