காலேஜ் பாஸ்கெட்பால் டீமுக்கு ரசிகர் சேர்ப்பது எப்படி: வேலூர் பக்கத்து வழி

முதலில் கிரிக்கெட்டைத் திட்டுவதை நிறுத்துங்கள். வேலூர் காலேஜ்களில் பாஸ்கெட்பால் மேட்ச் பார்க்க ஆள் வராததற்குக் காரணம் கிரிக்கெட் இல்லை, சாயங்கால பஸ். குடியாத்தம், ஆற்காடு, அணைக்கட்டு, ஒடுகத்தூர், கண்ணமங்கலம் என்று நாலா பக்கமிருந்தும் வருகிற டே ஸ்காலர்களுக்குக் கடைசி பீரியடிலேயே பாதி மனசு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததில் படியில் தொங்கிக்கொண்டு போகவேண்டும், வீடு போய்ச் சேர இருட்டிவிடும், நடுவில் அம்மா போன் மேல் போன் போடுவார். நாலரை மணிக்கு ஜம்ப் பால் போட்டுவிட்டு, நம்ம பசங்களுக்கு காலேஜ் மேல் பற்றே இல்லை என்று புலம்பி என்ன பிரயோஜனம்?

அதனால் போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் பி.டி. சாரைப் பார்த்து நேரத்தைப் பேசுங்கள். முழு ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நாலு குவார்ட்டர்தான், ஆனால் ஃபவுல், டைம் அவுட், இடைவேளை எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்டே இழுத்துவிடும். மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் கடைசி இரண்டு பீரியடை விட்டுக்கொடுக்க பிரின்சிபால் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. சம்மதிக்கவில்லையா, த்ரீ ஆன் த்ரீ இருக்கிறது. அரை கோர்ட், ரிங் மாட்டிய ஒரே போர்டு, பக்கத்துக்கு மூன்று பேர், 10 நிமிடம் ஆட்டம், அதற்குள் யாராவது 21 பாயின்ட் எடுத்துவிட்டால் அங்கேயே முடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்ட ஆட்டம், அதனால் ஏதோ தெரு விளையாட்டு என்று யாரும் மட்டமாகப் பேச முடியாது. மதிய இடைவேளையில் டிபார்ட்மெண்டுக்கு ஒரு டீம் என்று இதை நடத்துங்கள். டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்ப்பார்கள், பாதிப் பேருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் பாஸ்கெட்பால் மேட்ச்சாக இருக்கும்.

வெயில் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் வெயில் தெரிந்ததுதான், சிமென்ட் கோர்ட் வேறு, மத்தியானம் ஷூவுக்கு உள்ளேயே சுடும். ஆடுகிறவன் ஆடிவிடுவான், பார்க்கிறவன் எதற்காகக் காயவேண்டும்? வேப்பமர நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து போர்டில் வையுங்கள். சாயங்கால மேட்ச் என்றால் மேற்கு வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாக ஆட்களை உட்காரவையுங்கள், ஒரு தண்ணீர் கேன் வையுங்கள். மார்ச்சுக்கு மேல் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஜூலையிலிருந்து ஜனவரி வரைக்கும்தான் கூட்டம் சேர்க்கிற காலம், நடுவில் செமஸ்டர் எக்ஸாமும் ஐப்பசி மழையும் எடுத்துக்கொள்வது போக மிச்சம்.

சரி, ஆட்களை எங்கே பிடிப்பது? எல்லாரும் டிபார்ட்மெண்ட் வாரியாகப் போவார்கள். என் கருத்து வேறு. பஸ் வாரியாகப் போங்கள். வேலூர் காலேஜில் பி.காம் படிக்கிற பையனுக்கு பி.காமைவிட அவன் ஏறுகிற பஸ் நெருக்கம். தினமும் காலையும் மாலையும் ஒன்றாக நின்று, ஒருத்தன் பையை இன்னொருத்தன் மடியில் வைத்து வருகிற கூட்டம் அது. டீமில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துகிறவன், குடியாத்தத்துப் பையன் என்றால் அவன் பெயர், படிப்பு, ஊர் மூன்றையும் பெரிசாகப் போட்டு ஒரு போஸ்டர் தயார் செய்து, குடியாத்தம் பஸ்ஸில் வருகிற நாலு பேர் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்புங்கள். மறுநாள் பஸ்ஸே அவனை விசாரிக்கும். “டேய், நம்ம ஊர்க்காரனாமே, நீ சொல்லவே இல்ல?” அங்கேதான் ரசிகர் உருவாகிறார். காட்பாடி வழியாக ட்ரெயினில் வருகிறவர்கள் தனி கோஷ்டி, அவர்களுக்கும் ஒருத்தன் டீமில் இருப்பான். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு பொறுப்பாளர் போடுங்கள். அவருக்கு இரண்டே வேலை: எந்த மேட்ச், எத்தனை மணிக்கு என்று முந்தின நாள் பஸ்ஸிலேயே சொல்வது, மேட்ச் முடிந்தபின் ஊருக்கு எத்தனை மணி வரை பஸ் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டமாகக் கிளப்புவது. பஸ் நேரம் தெரிந்தால் வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள், சொல்லிவிட்டு வந்தவர்கள் கடைசிக் குவார்ட்டர் வரைக்கும் இருப்பார்கள்.

ஹாஸ்டல்காரர்களை நம்பி மட்டும் இறங்காதீர்கள். அவர்கள் எப்படியும் வருவார்கள், மெஸ் நேரம் வந்தால் எப்படியும் போவார்கள். அதைவிட, காலையில் கிரவுண்டில் போலீஸ் செலக்‌ஷன், ஆர்மி செலக்‌ஷன் என்று ஓடிக்கொண்டிருக்கிற பசங்களைப் பிடியுங்கள். உடம்பு வேலை என்னவென்று தெரிந்தவர்கள், ஒருத்தன் ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்துக்கு, எகிறினால் அதன் கஷ்டம் அவர்களுக்குப் புரியும்.

ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்குப் போகாமலேயே அட்டெண்டன்ஸ்) கொடுத்துக் கூட்டம் சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வேண்டாம். ஓ.டி.க்கு வருகிறவன் அட்டெண்டன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற வரைக்கும்தான் ரசிகன். பைனலுக்கு ஒரு தடவை வாங்கிக்கொடுங்கள், போதும்.

வந்தவர்களுக்கு ஆட்டம் புரியவேண்டும், இதைத்தான் எல்லா காலேஜும் கோட்டைவிடுகிறது. கிரிக்கெட்டில் எது எல்.பி.டபிள்யூ என்று நம் பாட்டிக்கே தெரியும், இங்கே விசில் ஏன் அடித்தார்கள் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி வந்தவர்கள் கையில் கொடுங்கள். பந்து கையில் கிடைத்த டீம் 24 விநாடிக்குள் ஷாட் அடிக்கவேண்டும். பந்தைத் தட்டாமல் நடந்தால் டிராவல். ஒருத்தன் ஐந்து ஃபவுல் வாங்கினால் வெளியே. ஒரு குவார்ட்டரில் ஒரு டீம் நாலு ஃபவுல் செய்துவிட்டால், ஐந்தாவதிலிருந்து தடுக்கிறபோது செய்கிற ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் நின்று அடிக்கிற ஷாட். இந்தக் கடைசி விதி ஒன்று தெரிந்தாலே கேலரியின் முகம் மாறிவிடும். எதிர் டீமின் ஃபவுலை எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ணுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று. நாலு சொன்னதுமே அந்த டிஃபென்ஸ்காரன் கை கொஞ்சம் பின்வாங்கும், நம்ம பையன் லே-அப்புக்கு, அதாவது ரிங்குக்குக் கிட்டே போய்ப் பந்தைப் போட, உள்ளே நுழைய இடம் கிடைக்கும். தன் சத்தத்தால் ஒரு பாயின்ட் வந்தது என்று ஒருத்தருக்குத் தோன்றிவிட்டால் அவரை அப்புறம் நீங்கள் கூப்பிடவே வேண்டாம்.

நிறைய உள்ளூர் டோர்னமெண்டில் 24 விநாடியைக் காட்டுகிற போர்டு இருக்காது, மேஜையில் ஒருத்தர் ஸ்டாப் வாட்ச் வைத்திருப்பார். அந்த மாதிரி இடத்தில் கடைசி ஐந்து விநாடியை கேலரி எண்ணுவதில் ஒரு தனி சந்தோஷம், பந்து வைத்திருக்கிறவன் பதறிக் கண்ட இடத்திலிருந்து அடிப்பான்.

சத்தம் போடுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். வடாற்காடு பம்பைக்கும் கூத்துக்கும் பேர்போன மண், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்து வளர்ந்த பசங்களுக்கு மேளம் கையில் கொடுத்தால் போதும். ஆனால் எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒருத்தர் கட்டுப்படுத்தவேண்டும். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ரெஃப்ரியிடம் போய் மேளம் அடிக்கலாமா என்று கேட்டுவிடுங்கள், கேட்டாலே பாதி மரியாதை வந்துவிடும். நம்ம ஆள் ஃப்ரீ த்ரோ போடும்போது ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி, எதிராளி போடும்போது போர்டுக்குப் பின்னால் இடி. அவனுக்கு அடிக்க ஐந்தே விநாடிதான், அதற்குள் ரிங்கைப் பார்க்க விடாமல் செய்யவேண்டும். அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி மாணவர்கள் இதற்கென்றே ஒரு திரை வைத்திருக்கிறார்கள், பந்து அடிக்கிற நேரம் பார்த்துத் திரை விலகும், உள்ளே விதவிதமான வேஷத்தில் ஆட்கள் கூத்தடிப்பார்கள். கூத்துக் கட்டுகிற ஊரில் நம்மால் முடியாதா என்ன? ஒன்று மட்டும் கண்டிப்பு: விசில் கூடவே கூடாது. ரெஃப்ரி விசில் என்று நினைத்து ஆட்டக்காரன் நின்றுவிட்டால் நமக்கே நஷ்டம்.

அமைதியையும் ஒரு ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம். இண்டியானாவில் டெய்லர் யுனிவர்சிட்டி என்ற சின்ன காலேஜ், அங்கே டிசம்பரில் பரீட்சைக்கு முன்னால் ஒரு மேட்ச்சில் கேலரி முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும், தங்கள் டீம் பத்தாவது பாயின்ட் எடுத்த அடுத்த நொடி கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். காசே செலவில்லாத யோசனை. நவம்பர் எக்ஸாமுக்கு முன்னால் ஒரு மேட்ச்சுக்கு இதைச் செய்து பாருங்கள், வராதவர்கள் வருஷம் பூராவும் வருத்தப்படுவார்கள். எல்லாரும் எடுத்துக்காட்டுச் சொல்கிற டியூக் யுனிவர்சிட்டியில் வாரக்கணக்கில் வெளியே டெண்ட் போட்டுத் தங்கி இடம் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 1940-இல் திறந்த அந்த ஸ்டேடியத்தில் இன்றைக்கும் சுமார் 9,300 பேருக்குத்தான் இடம், மாணவர்கள் கோர்ட்டை ஒட்டியே நிற்பார்கள். நம் கேலரியில் முந்நூறு பேர் நெருக்கி நின்றாலே அந்த உஷ்ணம் வந்துவிடும். பெரிய கிரவுண்டில் மேட்ச் கிடைத்தாலும் ஆட்களைச் சிதறி உட்காரவிடாமல் ஒரே மூலையில் குவியுங்கள்.

பெண்கள் டீம் மேட்ச்சுக்குத் தனியாக யோசிக்கவேண்டும். பெரும்பாலான காலேஜில் அவர்கள் டீம் நல்ல டீமாக இருக்கும், பார்க்கத் தோழிகள் பத்துப் பேர் இருப்பார்கள். இந்திய டீமுக்கு கேப்டனாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை நம்ம தமிழ்நாட்டுக்காரர், அது எத்தனை பேருக்குத் தெரியும்? பசங்கள் வரலாம், வரவேண்டும், ஆனால் ஆட்டத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது, போனில் ஜூம் போட்டு வீடியோ எடுக்கிறவனை அந்த இடத்திலேயே எழுப்பி அனுப்பவேண்டும். இதில் தாட்சண்யம் பார்த்தால் ஒரே மேட்ச்சில் பெயர் கெட்டுவிடும், அப்புறம் பெண்கள் கேலரி பக்கமே வரமாட்டார்கள். முன்வரிசையையும் மேளத்தையும் பெண்களிடமே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. அதே மாதிரி எதிராளியின் சாதி, ஊர், நிறம் எதையும் தொடக்கூடாது. ஃப்ரீ த்ரோ மிஸ் பண்ணினானா, அதைக் கிண்டல் செய்யுங்கள்.

வெளியூர் மேட்ச்சுக்கு வருகிற முப்பது பேர்தான் அசல் சொத்து. சென்னையில் டோர்னமெண்ட் என்றால் காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். ஆளுக்கு ட்ரெயின் காசு, சாப்பாட்டுக்கு ஆம்பூர் பக்கத்துப் பையன் வீட்டிலிருந்து ஏதாவது வந்தால் அதிர்ஷ்டம். டீமும் ரசிகர்களும் ஒரே பெட்டியில் போகவேண்டும். போகும்போது ஆட்டக்காரனோடு சீட்டு விளையாடினவன், அவன் கடைசி நிமிடத்தில் மூன்று பாயின்ட் ஷாட்டை மிஸ் பண்ணினாலும் திட்டமாட்டான்.

தோற்பதற்கும் முன்னாலேயே ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் தோற்கத்தான் போகிறீர்கள், ஜெயிப்பதைவிட அதிகமாக. நாற்பது பாயின்ட் வித்தியாசத்தில் உதை வாங்கினாலும் கடைசி விசில் வரைக்கும் யாரும் எழுந்திருக்கக்கூடாது, முடிந்ததும் கேலரி இறங்கிக் கோர்ட் ஓரம் இரண்டு வரிசையாக நின்று ஆட்டக்காரர்களைக் கைதட்டி வெளியே அனுப்பவேண்டும். ஆட்டக்காரர்களும் ஜெயித்தாலும் தோற்றாலும் முதலில் கேலரிப் பக்கம் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பையை எடுக்கவேண்டும், இதை கேப்டனிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். தோற்ற அன்றைக்கு டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருங்கள், ரீல்ஸ் எல்லாம் மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக நிர்வாகம். மூன்று வருஷ டிகிரி, ஃபைனல் இயர் போனால் எல்லாம் போய்விடும். அதனால் பஸ் பொறுப்பாளர் எப்போதும் செகண்ட் இயராக இருக்கட்டும், அவர் ஒரு ஃபர்ஸ்ட் இயரைக் கூடவே வைத்துப் பழக்கட்டும். படித்து முடித்து ராணிப்பேட்டை சிப்காட்டிலும் பெல் (BHEL) தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிற பழைய ஆட்டக்காரர்களை வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு இப்போதைய டீமோடு ஆடவையுங்கள், ஜெர்சிக்கும் பந்துக்கும் அங்கிருந்தே ஸ்பான்சர் கிடைத்துவிடும், அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டால் போதும். கணக்கை ஒரு நோட்டில் எழுதி பி.டி. ரூமில் வையுங்கள். மேளத்தையும் அங்கேயே வையுங்கள், சாவி யாரிடம் என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.