காலர் கியர்பாக்ஸுக்குச் சொந்தமல்ல: டாட்சன் 240 இசட் காரில் கிளட்ச் மாற்றுபவர்கள் செய்யும் தவறுகள்

ஐந்து கியர் பெட்டியை ஏற்றியாயிற்று. புரொப்பல்லர் ஷாஃப்டை மாட்டி, ஆயில் ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு எஞ்சினை முடுக்குகிறோம். பெடலை அடிவரை மிதித்தும் ரிவர்ஸ் விழ மறுக்கிறது. கரகரவென்று பற்கள் அரைபடுகின்றன. ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்து அதை வெளியேற்றுகிறோம். பிறகு இன்னொரு முறை. அதற்குப் பிறகு, பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக வாங்குகிறோம். பழைய டாட்சன் இசட் கார்களைப் புதுப்பிப்பவர்கள் மத்தியில் இது தேய்ந்துபோன கதை. இதற்குக் காரணம் பெரும்பாலும் காலர் எனப்படும், உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு வளையம்தான்.

240 இசட், 1969 இறுதியில் ஜப்பானில் அறிமுகமான ஃபேர்லேடி இசட்டின் ஏற்றுமதி வடிவம். 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எல்24 எஞ்சின். அமெரிக்காவுக்குப் போன, கையால் கியர் மாற்றும் கார்களில் நான்கு கியர்தான். அதனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் கத்தும். 1979 முதல் 1983 வரை வந்த 280 இசட்எக்ஸின் ஐந்து கியர் பெட்டியைத் தேடிப்பிடித்து மாட்டுவது அங்கே பல காலமாக நடந்துவரும் வழக்கம். எல் வகை எஞ்சின்கள் எல்லாம் ஒரே குடும்பம். பெட்டியின் போல்ட் ஓட்டைகள் அப்படியே பொருந்தும். வினையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டை பொருந்தினால் உள்ளே இருப்பதும் பொருந்தும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

கிளட்ச் விடுபடும் வரிசையைக் கொஞ்சம் பார்ப்போம். பெடலை மிதித்தால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி, ஃபோர்க் என்ற நெம்புகோலின் வெளிநுனியைப் பின்னோக்கித் தள்ளும். ஃபோர்க் நடுவில் ஒரு குமிழ் மேல் சீசா பலகை போல ஆடுவதால் அதன் உள்நுனி முன்னோக்கி நகரும். அந்த நுனி காலரைத் தள்ளும். காலரில் அழுத்திப் பொருத்திய ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை எஞ்சினின் ஃபிளைவீலோடு (சுழல் சக்கரத்தோடு) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங்குகளை அழுத்தும். பிரஷர் பிளேட்டுக்குப் பிரஷர் பிளேட் இந்த விரல்களின் உயரம் மாறும். உயரமான பிளேட்டுக்குக் குட்டையான காலர், தாழ்வான பிளேட்டுக்கு நீளமான காலர் என்று டாட்சன் கார்களைச் செய்த நிசான் தயாரித்தது. ஆகவே காலர் பிரஷர் பிளேட்டின் ஜோடி. கியர்பாக்ஸுக்கும் அதற்கும் உள்ள உறவெல்லாம், பெட்டியின் முன்பக்கக் குழாய் மேல் அது வழுக்கி ஓடுகிறது என்பது மட்டுமே.

ஆனால் பழைய பெட்டியைக் கழற்றி விற்பவர் காலரையும் அதிலேயே விட்டுத்தான் விற்பார். வாங்கியவர் புதிய பேரிங்கை அதில் அழுத்தி, தன் காரின் பழைய வகை பிரஷர் பிளேட்டோடு சேர்த்துவிடுவார். கடையில் கிடைக்கும் கிளட்ச் செட்டில் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் இருக்கும். காலர் பெரும்பாலும் இருக்காது. நானும் அப்படி மாட்டியவன்தான். முதல் முறை பெட்டியை இறக்க ஒரு நாள் ஆனது. இரண்டாம் முறை அரை நாள் போதுமாக இருந்தது, பழக்கம் வந்துவிட்டதல்லவா!

காலர் குட்டையாகிவிட்டால் ஃபோர்க்கின் வெளிநுனி ஏற்கெனவே பின்னால் போய் நிற்கும். ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி கடைசி எல்லைவரை நீண்டும் கிளட்ச் முழுதாக விடுபடாது. சில சமயம் பிஸ்டனே வெளியே வந்து திரவம் ஒழுகும். ரப்பர் கெட்டுவிட்டது என்று அந்தச் சிலிண்டரை மாற்றுபவர்கள் உண்டு, மறுபடியும் ஒழுகும்.

காலர் நீளமாகிவிட்டால் அதைவிட மோசம், ஏனென்றால் முதலில் ஒன்றும் தெரியாது. கார் நன்றாகவே ஓடும். கிளட்ச் பிளேட் தேயத் தேய விரல்கள் பெட்டியை நோக்கிப் பின்வாங்கும். அதற்கு இடம் விடாமல் காலர் முட்டிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் கிளட்ச் நழுவத் தொடங்கும், பேரிங் ஓயாமல் சுற்றிச் சூடேறும். பழி புதிய பிளேட்டின் தரத்தின் மேல் விழும்.

இசட் காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் ஃபிளைவீலில் முறையாக இறுக்கிவிட்டு, பேரிங் பொருத்திய காலரை விரல்களின் மேல் வையுங்கள். ஃபிளைவீலின் முகத்திலிருந்து, காலரில் ஃபோர்க் தொடும் இடம் வரை ஏறக்குறைய 92 மி.மீ. இருக்க வேண்டும். ஓர் இரும்பு ஸ்கேல் போதும். பெட்டியை ஏற்றும் முன் ஐந்து நிமிட வேலை. பழைய காலரையும் பிரஷர் பிளேட்டையும் வேலை முடியும்வரை குப்பையில் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் மிச்சம்.

அடுத்தது அளவுக் குழப்பம். 240 இசட்டின் கிளட்ச் 225 மி.மீ. விட்டம் கொண்டது. பிற்கால 2+2 கார்களிலும் (பின்னால் இரண்டு சிறு இருக்கைகள் உள்ளவை) டர்போவிலும் 240 மி.மீ. வந்தது. பெரியதை மாட்ட ஆசைப்பட்டால் அதற்குரிய ஃபிளைவீல், பிரஷர் பிளேட், காலர் எல்லாம் ஒரே செட்டாக வர வேண்டும். பிரஷர் பிளேட்டை மட்டும் வாங்கிவந்து பழைய ஃபிளைவீலில் வைத்துப் பார்த்தால் ஓட்டைகளே இணங்காது. என்னைக் கேட்டால், மாற்றமில்லாத எல்24 எஞ்சினுக்கு 225 தாராளம். டர்போ காரின் கடினமான பிரஷர் பிளேட்டைப் போட்டுக்கொண்டு போக்குவரத்து நெரிசலில் இடது காலை நோகடிப்பதில் என்ன சுகமோ, தெரியவில்லை.

ஸ்லேவ் சிலிண்டரிலும் இதே கலப்படம் நடக்கிறது. முற்காலக் கார்களில் ஃபோர்க்கின் நுனியில் துளை இருக்கும். நீளத்தைத் திருகி அமைக்கும் கம்பி அதில் நுழையும், திரும்ப இழுக்க ஒரு ஸ்பிரிங். பிற்காலத்தில் ஃபோர்க்கில் வெறும் குழி, தானே சரிசெய்துகொள்ளும் சிலிண்டர். ஒன்றின் ஃபோர்க்கையும் மற்றதன் கம்பியையும் சேர்த்தால் இடைவெளி எப்போதும் தப்பாகவே இருக்கும். விட்டம் மாறினாலும் சிக்கல்: பதினொன்று கீழ் பதினாறு அங்குலத்துக்குப் பதில் முக்கால் அங்குல ஸ்லேவ் போட்டால், அதே மிதிப்புக்குக் கம்பியின் நகர்வு சுமார் 16 சதவீதம் குறையும். பெடல் இலேசாகும், கிளட்ச் அரைகுறையாக விடுபடும்.

எஞ்சினே ஆட்டோமேட்டிக் காரிலிருந்து வந்ததா? அப்படியானால் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையை எட்டிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சின் இடத்தில் வரும் டார்க் கன்வெர்ட்டருக்கான வளையம் அங்கே இருக்கும். அதைக் கழற்றி, கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் வெண்கல பைலட் புஷ் அடிக்க வேண்டும். மறந்தால் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் முட்டிக்கொண்டு, பெட்டியின் முன்பக்க உறையான பெல் ஹவுசிங் எஞ்சினோடு ஒட்டாமல் நிற்கும். அப்போது போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்க முயல்வதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை, உறையின் போல்ட் காது உடையும். ஆட்டோமேட்டிக்கின் போல்ட்கள் குட்டையானவை என்பதால் ஃபிளைவீலுக்கு அவற்றைப் பயன்படுத்தவும் கூடாது.

எல்லாம் சரியாக மாட்டியும் கிளட்ச் சீக்கிரம் கருகுகிறதென்றால் கியர் விகிதத்தைப் பாருங்கள். 240 இசட்டின் ஆரம்பகால நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 3.549, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் விகிதம் 3.364. பெருக்கினால் 11.94. 1981 முதல் 1983 வரையிலான இசட்எக்ஸ் பெட்டியில் முதல் கியர் 3.062 மட்டுமே, அதே டிஃபரென்ஷியலோடு 10.3 ஆகிறது. இந்த எண் குறைந்ததால், நிற்கும் காரை நகர்த்தக் கிளட்சை அதிக நேரம் நழுவவிட வேண்டிவரும். ஐந்தாவது கியர் 0.745, நூறு கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,100 சுற்றுகளுக்கு இறங்கிவிடும், மேட்டில் முக்கும். டிஃபரென்ஷியலை 3.9க்கு மாற்றினால் முதல் கியரின் பெருக்கம் மறுபடி 11.94 ஆகிறது. ஆர்200 வகை டிஃபரென்ஷியலில் அந்த விகிதம் கிடைக்கும். ஆனால் 240 இசட்டில் அதை மாட்டப் பின்பக்கத் தாங்கிச் சட்டமும், வேகமானி சரியாகக் காட்டக் கியர்பாக்ஸில் உள்ள சிறு பினியனும் மாற வேண்டும்.