கொல்லையில் புகைபோக்கி வைத்த கொடியடுப்பு

வீடு கட்டும் செலவு ஏறிக்கொண்டே போகிற இந்த நேரத்திலும், கூடத்தில் கணப்பு வைக்கலாமா என்று மதுரையில் கேட்கிறவர்கள் உண்டு. கொடைக்கானல் குளிருக்கு அது சரி. இங்கே மார்கழியில்கூட அது வெறும் அலங்காரம்தான். நெருப்பு ஆசை இருந்தால் கொல்லையில் ஒரு கொடியடுப்பு கட்டுங்கள். விறகு எரியும் கண் ஒன்று, அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் பக்கத்துக் கண் ஒன்று; அந்தப் பக்கத்துக் கண்தான் கொடியடுப்பு. ஒரே விறகில் சோறும் வேகும், வெந்நீரும் காயும்.

அடுப்பு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 9 அங்குல உயரம். 9 அங்குலச் செங்கல் 45 போதும், அடிமேடை தனி. அடுப்பு வாய் கிழக்கே பார்க்கட்டும். மேற்கே வைத்தால் ஆடிக்காற்று தணலை வாரி இறைத்துவிடும்.

சிமெண்ட் வேண்டாம், சூட்டில் வெடித்துவிடும். கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படியும் களிமண்) 1 பங்கு, மணல் 2 பங்கு, நறுக்கிய வைக்கோல் கொஞ்சம் சேர்த்துக் குழைத்து இரண்டு நாள் ஊறவிடுங்கள். ஓர் உருண்டை பிடித்துக் காயவைத்துப் பார்ப்பது நல்லது. விரிசல் விட்டால் மணல் குறைவு, உதிர்ந்தால் கரம்பை குறைவு.

முதல் வரிசைக் கல்லின்மேல் கம்பித் தட்டு வையுங்கள். சாம்பல் கீழே விழவும் காற்று உள்ளே ஏறவும் அந்த 3 அங்குல இடைவெளி வேண்டும். அதை விட்டுவிட்டு, அடுப்பு எரியவில்லை என்று ஊதாங்குழலோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம். தட்டுக்குமேல் வாய் 6 அங்குல அகலம்.

சூட்சுமம் இரண்டு கண்ணுக்கும் நடுவில் போகிற சுரங்கத்தில் இருக்கிறது. 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம், கொடியடுப்புப் பக்கம் சற்றே ஏற்றம். பெரிதாக விட்டால் சூடெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும். சிறிதானால் புகை வாய்வழியே திரும்பி முகத்தில் அடிக்கும். கொடியடுப்பில் பாத்திரம் இல்லாதபோது மூடி போடுங்கள், திறந்து கிடந்தால் புகைபோக்கியின் இழுப்பு அறுந்துவிடும்.

புகைபோக்கிக்கு 4 அங்குலச் சுட்ட மண் குழாய். பிவிசி உருகும். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குமேல் குழாய் 2 அடி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சுவரில் மோதும் காற்று புகையைக் கீழே தள்ளும். மழைக்குத் தொப்பி போடும்போது 4 அங்குலம் இடைவெளி விடுங்கள். கீற்றுக் கொட்டகைக்குள் குழாயை நுழைக்கவே கூடாது.

இரண்டு வாரம் நிழலில் காயட்டும். பிறகு மூன்று நாள் தேங்காய் மட்டையால் சிறுதீ மட்டும். சீமைக்கருவேலம் நன்றாக நின்று எரியும். ஆனால் பச்சையாக எரித்தால் குழாயில் கரி தாரைப்போல் படிந்துவிடும். அந்தக் கரி தீப்பிடிக்கும். குழாயின் அடியில் ஒரு கல்லைப் பூசாமல் விட்டுவைத்து, மாதம் ஒருமுறை அதை உருவிக் கரியைத் தட்டி எடுங்கள்.