மாதிரி ரயில் எஞ்சினில் முகப்பு விளக்கும் லென்ஸும் பொருத்துவது எப்படி?

காட்பாடி சந்திப்பில் ராத்திரி வந்து நிற்கும் மின்சார எஞ்சினை எதிரே நின்று பாருங்கள். வெளிச்சம் விளக்குக் கண்ணாடி வழியாக மட்டும்தான் வரும். மாதிரி எஞ்சினில் முதன்முறை விளக்கு வைப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். எல்இடி எரியும், கூடவே எஞ்சினின் முகம் முழுக்க மங்கலாக ஒளிரும். பிளாஸ்டிக் கூடு மெல்லியது, ஒளி அதை ஊடுருவிவிடும். அதனால் விளக்கை எரிய வைப்பதைவிட ஒளிக்கசிவை அடைக்கவே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

இங்கே சொல்வது எச்ஓ அளவுக்கு, அதாவது 1:87. ஒரு சாண் அகல விளக்கு இந்த அளவில் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

வேண்டிய சாமான்கள்

0603 அளவு (1.6 × 0.8 மி.மீ.) வார்ம் ஒயிட் எஸ்எம்டி எல்இடி, அதாவது கம்பிக்கால் இல்லாத பொடி எல்இடி. தேவை இரண்டு, ஆனால் தும்மினால் பறந்துவிடும், பத்தாக வாங்குங்கள். 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு). 0.1 மி.மீ. எனாமல் பூசிய செம்புக் கம்பி. ஒளியைக் கடத்தும் 1 மி.மீ. பிளாஸ்டிக் ஃபைபர். யூவி பசை (புற ஊதா ஒளி பட்டால் இறுகுவது), யூவி டார்ச், பளபளப்பில்லாத கறுப்பு அக்ரிலிக் பெயின்ட். கம்பியை மொபைல் சர்வீஸ்காரர்கள் ஜம்பர் ஒயர் என்பார்கள்; வேலூரில் அவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கம்பி, யூவி பசை இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

துளையும் கறுப்புப் பூச்சும்

கூட்டைக் கழற்றி, விளக்கு இருக்க வேண்டிய இடத்தின் நடுவில் ஊசியால் ஒரு புள்ளி குத்துங்கள். இந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கும். கையால் திருகும் டிரில்லில் முதலில் 0.6 மி.மீ., பிறகு 1 மி.மீ. மோட்டார் டிரில் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகித் துளை கோணலாகும்.

பிறகு முகப்பின் உட்புறம் கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. காய்ந்ததும் உள்ளே டார்ச் அடித்து இருட்டில் பாருங்கள். கசியும் இடத்தில் இன்னொரு பூச்சு.

லென்ஸ்

ஃபைபரில் 2 செ.மீ. வெட்டுங்கள். எரியும் ஊதுபத்தியின் கங்குக்கு அருகில், தொடாமல், நுனியைக் காட்டுங்கள். சில நொடிகளில் நுனி உருண்டு குமிழாகும், அதுதான் லென்ஸ். கங்கைத் தொட்டால் கருகிவிடும், வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். வாலை வெளியிலிருந்து உள்ளே செருகி, உட்புறம் ஒரு துளி யூவி பசை வைத்து டார்ச் காட்டுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலுக்குப் பசை ஊசி முனையிலேயே இறுகத் தொடங்கும். சூப்பர் குளூ கூடவே கூடாது. அதன் ஆவி லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படியும்.

சால்டரிங்

எல்இடியை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, மல்டிமீட்டரின் டையோடு நிலையில் ப்ளஸ், மைனஸ் பாருங்கள். அடியில் உள்ள குறி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், நம்ப வேண்டாம். கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டி, முன்கூட்டியே ஈயம் பூசிவையுங்கள். எல்இடியில் அயர்ன் இரண்டு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஒட்டியதும் 9 வோல்ட் பேட்டரியில், ரெசிஸ்டரோடு சேர்த்துத்தான், எரிகிறதா பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் தொட்டால் அந்த நொடியே போய்விடும்.

ஃபைபர் வாலை 5 மி.மீ. விட்டு வெட்டி, எல்இடியின் முகம் அதில் ஒட்டி நிற்கும்படி யூவி பசையால் பொருத்துங்கள். எரிய வைத்துச் சோதித்த பிறகே அந்த இணைப்பைச் சுற்றிக் கறுப்புப் பூசுங்கள்.

இணைப்பு

சாதாரண டிசி கன்ட்ரோலர் என்றால் முன்விளக்கையும் பின்விளக்கையும் எதிரும் புதிருமாக, ஒன்றின் ப்ளஸ் மற்றதன் மைனஸோடு சேரும்படி இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஓடும் திசையின் விளக்கு தானாக எரியும். எரிகிற எல்இடி மற்றதன் மேல் சுமார் 3 வோல்ட்டுக்கு மேல் எதிர்மின்னழுத்தம் ஏறவிடாது. எல்இடிகள் பொதுவாகத் தாங்குவது 5 வோல்ட் என்பதால் இது நல்ல பாதுகாப்பு. 12 வோல்ட்டில் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும். கண் கூசினால் 2.2 அல்லது 4.7 கிலோ ஓமுக்கு மாற்றுங்கள். இந்த அளவுக்கு மங்கலே அழகு.

டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளை வாங்கி எஞ்சினை இயக்கும் சிறு சர்க்யூட்) இருந்தால் அதன் ஒயர்களில் நீலம் பொது ப்ளஸ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். நீல ஒயர் உலோகச் சட்டத்தைத் தொட்டால் டிகோடரே எரியலாம், முனைகளைக் காப்டான் டேப்பால் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மூடுங்கள்.

கூட்டை மூடும்போது கம்பி ஃப்ளைவீலில் (மோட்டாரோடு சுழலும் கனமான சக்கரம்) சிக்காதபடி ஓரமாக ஒட்டுங்கள். அடுத்த முறை கழற்ற 3 செ.மீ. தளர்வு இருக்கட்டும். டிசியில் மெதுவாக ஓட்டும்போது விளக்கு எரியாமல் இருந்தால் பழுதென்று பிரிக்க வேண்டாம். தண்டவாளத்தில் சுமார் 3 வோல்ட் ஏறும்வரை வெள்ளை எல்இடி எரியாது.