விசைப்படகு எவ்வளவு தலைக்கனம்? கடிகாரத்தை வைத்தே கணக்கிடலாம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடியில் கரையேற்றிய விசைப்படகுகளில் அப்போதுதான் கேபின் உயரும், வலை இழுக்கும் பழைய வின்ச்சுக்குப் பதில் கனமான வின்ச் வரும். மேலே கனம் ஏற ஏற எடைமையமும் ஏறும். படகு லேசாகச் சாயும்போது, தண்ணீர் அதை மேலே தள்ளும் விசையின் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி மெட்டாசென்டர். எடைமையத்திலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள உயரம்தான் ஜிஎம். அது குறைந்தால், சாய்ந்த படகு நிமிரத் திணறும். தாலாட்டுகிற மாதிரி மெதுவாக ஆடுகிற படகை ‘சுகமான படகு’ என்பார்கள். சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். வெடுக்கென்று நிமிர்கிற படகு இடுப்பை ஒடித்தாலும் அதன் ஜிஎம் அதிகம்.

கடலுக்குப் போகுமுன் துறைமுகத்திலேயே சோதித்துவிடலாம். காற்றும் அலையும் இல்லாத விடியற்காலை நல்லது. கயிறுகளைத் தளர்த்திவிடுங்கள், படகு சுவரிலோ தரையிலோ முட்டக் கூடாது. மீன் அறையில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. நாலைந்து பேர் தாளம் தப்பாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடி ஆட்டிவிட்டு, நடுவில் வந்து நிற்க வேண்டும். இடது கோடியிலிருந்து வலது கோடி போய், திரும்ப இடது கோடிக்கு வந்தால்தான் ஓர் ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கான நேரத்தை ஐந்தால் வகுங்கள்.

படகின் அகலம் 5 மீட்டர், ஐந்து ஆட்டத்துக்கு 30 விநாடி என்று வைப்போம். ஓர் ஆட்டம் 6 விநாடி. 0.8-ஐ அகலத்தால் பெருக்கி, ஓர் ஆட்டத்தின் நேரத்தால் வகுங்கள்: 0.8 × 5 ÷ 6 = 0.667. இதை இதாலேயே பெருக்கினால் 0.44 மீட்டர்; இதுதான் ஜிஎம். ஒற்றைத்தள மீன்பிடிப் படகுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொல்லும் குறைந்தபட்சம் 0.35. ஆட்டம் 7 விநாடியானால் 0.33தான், தேறாது.

ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனதையே ஓர் ஆட்டமாக எண்ணி, திரும்பி வந்ததை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. நேரம் பாதியாகும், ஜிஎம் நாலு மடங்காகக் காட்டும்: 1.78! இந்த அகலத்துக்கு 1 மீட்டரைத் தாண்டினாலே மறுபடி எண்ணுங்கள். 0.8 என்பதும் தோராயம்தான், படகின் வடிவத்தைப் பொறுத்து மாறும், விடை 0.35-க்குப் பக்கத்தில் வந்தால் கப்பல் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டுச் சாய்வுச் சோதனை (தெரிந்த எடையை நகர்த்திப் படகு எவ்வளவு சாய்கிறது என்று அளப்பது) செய்வதே சரி.

இன்னொன்று, ஐஸ் உருகிய தண்ணீர். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகல மீன் அறையில் அது தளும்பினால், 60 டன் படகில் ஜிஎம் இழப்பு (நீளத்தை அகலத்தால் மூன்று முறை பெருக்கி, 12-ஆலும் படகின் டன்னாலும் வகுக்க வேண்டும்): 4 × 4 × 4 × 4 ÷ 12 ÷ 60 = 0.36 மீட்டர். நம் 0.44-இல் மிச்சம் வெறும் 0.08. நீளவாக்கில் நடுவே பலகைத் தடுப்பு வைத்தால் இழப்பு கால்வாசி, 0.09. ஆனால் அந்தப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் கசிந்தால் தடுப்பு இல்லாத கணக்குதான். அறையின் அடிக்குழியில் தண்ணீர் சேரச் சேர பம்ப் போட்டு இறைத்துவிடுங்கள்.