எதைக் கணினியில் பேசுவது, எதை நேரில் பேசுவது

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு மணிநேரக் கூட்டம் என்றால், கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் வருபவர்களுக்குப் பாதி நாள் வீதி நெரிசலிலேயே போய்விடும். அதற்காக எல்லாவற்றையும் ஸூமுக்கு மாற்றிவிடாதீர்கள். வேலையைப் பார்த்துப் பிரியுங்கள்.

யோசனை சேர்ப்பதைக் கணினியில் செய்யுங்கள். நேரில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யோசனை மறந்துபோகும் அல்லது சொல்ல மனம் வராது. குழுவாக யோசிப்பதில் பேரிழப்பு இந்தக் காத்திருப்பால்தான் என்று உளவியல் ஆய்வாளர்கள் டீலும் ஸ்ட்ரோபேயும் 1987இல் காட்டினார்கள். தட்டச்சில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம். மூன்று நான்கு பேருக்கு இதில் பெரிய ஆதாயமில்லை. எட்டுப் பத்துப் பேர் சேரும்போதுதான் பலன் தெரியும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கூகுள் படிவம் ஒன்றில் இரண்டே கேள்விகள் அனுப்புங்கள். முதலாவது குறுகலாக இருக்கட்டும்: "அடுத்த மூன்று மாதத்தில் விநியோகச் செலவை எங்கே குறைக்கலாம்?" இரண்டாவது: "இதுபற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த தகவல் என்ன?" இதை விட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசும், ஒருவர் கையில் மட்டும் இருக்கும் தகவல் மேசைக்கு வராது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் ஸ்டாசரும் டைட்டசும் 1985இலேயே கண்டார்கள்.

மின்னஞ்சல் முகவரி சேகரிப்பை நிறுத்திவையுங்கள். மேலாளர் இருக்கும் குழுவில் பெயர் தெரியாவிட்டால்தான் இளையவர்கள் துணிந்து எழுதுவார்கள். மும்மொழிக் குழுவில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் எழுதுபவர் ஒருவர்தான் என்றால் மொழியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பதில்களைத் தொகுப்பவர் எல்லாவற்றையும் ஒரே மொழிக்கு மாற்றி, ஒன்றுபோல் உள்ளவற்றைச் சேர்த்த பிறகே சுற்றுக்கு விட வேண்டும்.

முடிவெடுப்பது நேரில். பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த மதிப்பாய்வில், கணினிவழி எழுதி முடிவெடுத்த குழுக்களுக்கு நேரம் கூடியது. செயற்றிறனும் திருப்தியும் குறைந்தன. கருத்து முரண்படும் இடத்தில் முகமும் குரலும் வேண்டும்.

பாதிப் பேர் அறையில், பாதிப் பேர் திரையில் என்பதுதான் மிக மோசம். அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். திரையில் இருப்பவர் இடைபுக முயலும்போது சத்தம் தாமதித்து வரும், பேச்சு அடுத்த விடயத்துக்குப் போயிருக்கும். தவிர்க்க முடியாவிட்டால், தலைவர் ஒவ்வொரு விடயத்திலும் திரையில் இருப்பவரைப் பெயர் சொல்லி முதலில் அழைக்கட்டும். அறையில் ஒரு ஒலிவாங்கியும் ஒரு ஒலிபெருக்கியும் மட்டும் இயங்கட்டும். இரண்டு மடிக்கணினிகளில் சத்தம் திறந்திருந்தால் எதிரொலிக்கும். ரவுட்டரை யூபிஎஸ்ஸில் இணையுங்கள், மின்சாரம் போனாலும் இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க.

எழும்புவதற்கு முன், எடுத்த முடிவு, பொறுப்பாளர், திகதி மூன்றையும் பகிர்ந்த ஆவணத்தில் எல்லோரும் பார்க்கத் தட்டச்சு செய்துவிடுங்கள்.